ஒரே பெயர், இரண்டு உலோகம்

மோட்டார் பந்தயத்தின் சரித்திரத்தில் பிராபாம் என்ற பெயருக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. 1966ல் அந்தப் பெயர் பூண்ட வண்டி பார்முலா ஒன் பந்தயத்தில் உலகப் பட்டத்தை வென்றது. அதன் எஞ்சின் அலுமினியத்தில் வார்த்தது. 17 வருஷம் கழித்து, 1983ல், அதே பெயர் பூண்ட வேறொரு வண்டி உலகப் பட்டத்தை வென்றது. அதன் எஞ்சின் இரும்பில் வார்த்தது. இடையிலும் அந்தப் பெயருக்குப் பட்டங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. இரண்டு எஞ்சின்களின் வம்சமும் பந்தய மைதானத்தில் தொடங்கியதல்ல. ஆபீசுக்குப் போகிறவர்களும் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறவர்களும் ஓட்டிய சாதாரணக் கார்களில் தொடங்கியது.

மோட்டார்ப் பித்துக் கொண்டவர்கள் கூடுகிற இடங்களில் ஒரு வழக்கு ஓயாமல் நடந்து கொண்டிருக்கும். நிறையக் குதிரைச் சக்தி வேண்டும் என்று ஒருவன் எஞ்சின் கட்டப் புறப்பட்டால் எந்த பிளாக்கை எடுப்பது, இரும்பா, அலுமினியமா? ஒரு கட்சி இரும்பைத் தவிர மற்றதெல்லாம் பொம்மை என்று சொல்லும். இன்னொரு கட்சி இரும்பைக் கட்டிக் கொண்டு ஓடுகிறவன் அம்மிக்கல்லைக் கட்டிக் கொண்டு நீந்துகிறவன் என்று சொல்லும். நான் கதை எழுதுகிறவன், எஞ்சினீயர் அல்ல. ஆனால் மனிதர்கள் எதை, ஏன் தேர்ந்தெடுத்தார்கள், அதனால் என்ன ஆனார்கள் என்று பார்ப்பது கதைக்காரனுடைய வேலையும்தான். அந்த உரிமையில் இந்த வழக்கின் பழைய தஸ்தாவேஜுகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

முதலில், பிளாக் என்பது என்ன? எஞ்சினின் எலும்புக்கூடு என்று சொல்லலாம். பிஸ்டன்கள் ஏறி இறங்குகிற சிலிண்டர்கள் அதில்தான் இருக்கின்றன. கீழே கிராங்கு சுழல்வதும் அதன் மடியில்தான். மேலே ஹெட் உட்காருவது அதன் தலைமேல். பெட்ரோலும் காற்றும் கலந்து வெடிக்கும்போது அந்த வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது; ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கிறது. இந்த இரண்டையும் பிரிந்து போகாமல் பிடித்துக் கொண்டிருப்பது பிளாக். குதிரைச் சக்தியைக் கூட்டுவது என்றால் இந்த வெடிப்பைப் பலமாக்க வேண்டும், அல்லது நிமிஷத்துக்கு அதிகத் தடவை வெடிக்கச் செய்ய வேண்டும். எப்படிச் செய்தாலும் பாரம் பிளாக்கின் தலையில்தான் விடியும்.

இரண்டு உலோகங்களின் சுபாவத்தையும் நம் வீட்டுச் சமையலறையே சொல்லிவிடும். இரும்புத் தோசைக்கல் காய நேரமாகும், ஆற நேரமாகும், தூக்கினால் கை வலிக்கும், ஆனால் பாட்டி காலத்துக் கல் பேத்தி காலத்திலும் வளையாமல் இருக்கும். அலுமினியப் பாத்திரம் சட்டென்று காயும், சட்டென்று ஆறும், கைக்கு லேசு. அடுப்பில் மறந்து விட்டால் அடி நெளிந்து போகும். கணக்கில் சொன்னால், ஒரே அளவுள்ள துண்டு இரும்பு 7 கிலோ இருந்தால் அலுமினியம் 3 கிலோவுக்கும் குறைவு. உஷ்ணத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்பைப் போல் அலுமினியம் சுமார் மூன்று மடங்கு வல்லது. ஆனால் சூடேறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். விறைப்பிலோ இரும்பில் பாதிக்குச் சற்று மேல்தான். 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும்; வார்ப்பிரும்பு உருக 1,100 டிகிரியைத் தாண்ட வேண்டும்.

இவ்வளவு குறை இருந்தும் மனிதன் அலுமினியத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் ஆகாயம். 1903ல் ரைட் சகோதரர்கள் பறக்கப் புறப்பட்டபோது, அவர்களுக்கு வேண்டிய லேசான எஞ்சினை எந்தக் கம்பெனியும் செய்து தர முன்வரவில்லை. அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர்தான் அதைக் கடைசலில் கடைந்து செய்து முடித்தார். எஞ்சினின் உடலைச் செம்பு கலந்த அலுமினியத்தில் வார்த்தார்கள். சிலிண்டர்களை மட்டும் இரும்பில் செய்து அதில் பொருத்தினார்கள். 1903 பிப்ரவரியில் சோதனை ஓட்டத்தின்போதே அந்த உடல் உடைந்து போயிற்று. மறுபடி வார்த்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 17ஆம் தேதி, சுமார் 12 குதிரைச் சக்தியுடன் அது மனிதனை ஆகாயத்தில் தூக்கியது. அலுமினிய உடல், அதற்குள் இரும்புச் சிலிண்டர் என்ற ஏற்பாட்டை அன்றைக்கே அவர்கள் கண்டு பிடித்து விட்டார்கள் என்பதைக் கவனித்து வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

தரையில் இந்த அவசரம் இல்லை. பூமி சுமக்கிறது, வண்டியின் எடையைப் பற்றி யாருக்கு என்ன கவலை? 1908ல் ஹென்றி போர்டு தம் பிரசித்தி பெற்ற டி மாடல் காரில் நான்கு சிலிண்டர்களையும் சேர்த்து ஒரே இரும்பு வார்ப்படமாக வைத்தார். 1932ல் எட்டுச் சிலிண்டர்களை 'வி' உருவத்தில் ஒரே இரும்புக் கட்டியாக வார்த்து, சாமானியன் வாங்கக் கூடிய விலையில் விற்றார். அதன் சக்தி 65 குதிரை. அமெரிக்க இளைஞர்கள் பழைய வண்டிகளில் இருந்து அந்த எஞ்சினைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, கார்புரேட்டரைக் கூட்டி, உப்புப் பாலைவனத்திலும் நள்ளிரவுச் சாலைகளிலும் விரட்டினார்கள். கடையில் வாங்கிய எஞ்சினில் கம்பெனி சொன்னதற்கு மேல் சக்தி எடுப்பது ஒரு கலையாக, ஒரு வியாபாரமாகவே வளர்ந்தது. அதற்கெல்லாம் ஆதாரம் இரும்பு. எத்தனை கசக்கினாலும் அது முகம் சுளிக்காது என்ற நம்பிக்கை அப்போது வேரூன்றியது.

ஆகாயத்தில் கதை வேறு. இரண்டாம் உலக யுத்தத்தில் இங்கிலாந்தின் ஸ்பிட்பயர் விமானங்களைச் சுமந்த மெர்லின் எஞ்சின், 12 சிலிண்டர், 27 லிட்டர் கொண்டது. அதன் பிளாக்குகள் அலுமினியக் கலப்பு உலோகம். உள்ளே எஃகு லைனர்கள். தொடக்கத்தில் சுமார் 1,000 குதிரைச் சக்தி கொடுத்தது. யுத்தம் முடிவதற்குள் அதே அளவுள்ள எஞ்சினில் இருந்து 2,000 வரையில் வாங்கினார்கள். அலுமினியம் பலத்தைத் தாங்காது என்று சொல்கிறவர்களுக்கு இதை விட நல்ல மறுப்பு வேண்டியதில்லை. ஆனால் அந்த மறுப்புக்கு ஒரு விலை இருந்தது. யுத்த காலத்து அரசாங்கத்தின் பொக்கிஷமும், பல வருஷ ஆராய்ச்சியும், கூலிக் கணக்குப் பாராத தொழிற்சாலைகளும் அதன் பின்னால் நின்றன. மெர்லினிலேயே ஆரம்பத்து பிளாக்குகளில் நீர்க் கசிவு பெரிய தொல்லையாக இருந்தது. பிளாக்கையும் ஹெட்டையும் இரண்டாகப் பிரித்து வார்த்த பிறகுதான் அது தீர்ந்தது.

இந்தச் செல்வப் பிள்ளையைச் சாமானியன் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டது ஜெனரல் மோட்டார்ஸ். 1961ல் அவர்களுடைய பியூக், ஓல்ட்ஸ்மொபைல், பாண்டியாக் என்ற மூன்று பெயர்களிலும் வந்த சிறிய கார்களில் அலுமினிய வி-8 எஞ்சின் ஒன்று இருந்தது. அளவு 215 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர். எடை 144 கிலோ. அதே காலத்து இரும்பு வி-8கள் 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ரைட் சகோதரர்கள் செய்த மாதிரியே உடல் அலுமினியம். சிலிண்டருக்கு மட்டும் இரும்பு லைனர். 1962ல் ஓல்ட்ஸ்மொபைல்காரர்கள் இதில் டர்போ வைத்து, 215 கன அங்குலத்துக்கு 215 குதிரைச் சக்தி என்று மார்தட்டினார்கள்.

மார்தட்டல் நீடிக்கவில்லை. வார்ப்படத்தில் நுண்ணிய துளைகள் விழுந்து பல பிளாக்குகள் தொழிற்சாலையிலேயே கழிவாயின. தண்ணீர் உறையாமல் இருக்கக் கலக்கும் திரவம், இரும்பு எஞ்சினுக்கு ஒத்துக் கொண்டது, அலுமினியத்துக்கு ஒத்துக் கொள்ளவில்லை; உள்ளே அரிப்பு உண்டாகி ரேடியேட்டர் அடைத்துக் கொண்டது. இதற்குள் இரும்பு வார்க்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. சுவரை மெல்லியதாக வார்க்கக் கற்றுக் கொண்டு எடையைக் குறைத்து விட்டார்கள். கணக்குப் பிள்ளைகள் பேனாவை எடுத்தார்கள். 1963ஆம் வருஷ மாடலோடு அலுமினிய வி-8 நிறுத்தப்பட்டது.

அதே எஞ்சினின் அமைப்பில் இருந்து இரண்டு சிலிண்டரைக் கழித்து, இரும்பில் வார்த்து, 1962ல் பியூக் ஒரு வி-6 எஞ்சின் கொண்டு வந்திருந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லலாம். தம்பி இரும்பு, அண்ணன் அலுமினியம். இரண்டையும் தாய் வீடு விரட்டியது. தம்பி 1967ல் ஜீப் வண்டி செய்கிற கெய்சர் கம்பெனிக்கு விற்கப்பட்டான். பெட்ரோல் நெருக்கடி வந்தபோது, 1974ல், ஜெனரல் மோட்டார்ஸே அவனைத் திரும்ப விலைக்கு வாங்கியது. அவன்மேல் டர்போவை ஏற்றி 1987ல் வெளியிட்ட ஜி.என்.எக்ஸ். என்ற கறுப்பு நிறக் காரை, இன்றும் அமெரிக்கர்கள் பெருமூச்சோடு நினைத்துக் கொள்கிறார்கள். 547 கார்கள்தான் செய்தார்கள். எழுதியிருந்த சக்தி 276 குதிரை. அண்ணனுடைய பயணம் இதைவிட அதிசயமானது.

1966ஆம் வருஷத்துக்கு பார்முலா ஒன் விதிகள் மாறின. எஞ்சினின் அளவு ஒன்றரை லிட்டரில் இருந்து மூன்று லிட்டர் ஆயிற்று. பெரிய கம்பெனிகள் 12 சிலிண்டர், 16 சிலிண்டர் என்று கோபுரம் கட்டத் தொடங்கின. ஜாக் பிராபாம் என்ற ஆஸ்திரேலியரிடம் அவ்வளவு பணம் இல்லை. அவர் 1959லும் 1960லும் உலகப் பட்டம் பெற்றவர். பிறகு சொந்தமாக வண்டி கட்டிக் கொண்டு, தாமே ஓட்டவும் செய்தார். மெல்போர்னில் மோட்டார் உதிரிப் பாகங்கள் செய்கிற ரெப்கோ கம்பெனியிடம் போனார். அமெரிக்கா கைவிட்ட அந்த ஓல்ட்ஸ்மொபைல் அலுமினிய பிளாக்கை வைத்து ஒரு பந்தய எஞ்சின் கட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

வேலை பில் இர்விங் என்பவரிடம் வந்தது. வின்சென்ட் மோட்டார் சைக்கிள்களால் பெயர் பெற்ற எஞ்சினீயர். அவர் அந்த பிளாக்கை நம்பிக் கண்ணை மூடிக் கொண்டு ஓட்டவில்லை. சந்தேகப்பட்டார். எங்கே வளையும், எங்கே விலகும் என்று பார்த்தார். அடிப்புறத்தில் எஃகுத் தகடு ஒன்றைச் சேர்த்து விறைப்பூட்டினார். சிலிண்டர் லைனர்களை மாற்றினார். புதிய ஹெட் செய்து, ஒவ்வொரு பக்கமும் தலைக்கு மேல் ஒரு கேம்ஷாப்ட் வைத்தார். எல்லாம் முடிந்தபின் எஞ்சின் கொடுத்தது சுமார் 300 குதிரைச் சக்தி. எதிரிகளில் பலர் இதற்கு மேலே சொல்லிக் கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய எஞ்சின்கள் கனத்தவை, அதிகப் பெட்ரோல் குடிப்பவை, பாதி வழியில் படுத்துக் கொள்பவை. பிராபாமின் வண்டி லேசானது, ஓடி முடிப்பது.

பிராபாமுக்கு அப்போது வயது 40. பந்தயக்காரனுக்கு அது கிழப் பருவம் என்று பத்திரிகைகள் எழுதின. ஹாலந்துப் பந்தயத்தன்று அவர் ஒட்டுத் தாடி வைத்துக் கொண்டு, கைத்தடி ஊன்றித் தள்ளாடி நடந்து வந்து வண்டியில் ஏறினார். ஏறியவர் அந்தப் பந்தயத்தை ஜயித்தார். பிரான்ஸ், இங்கிலாந்து, ஹாலந்து, ஜெர்மனி என்று அந்தக் கோடையில் அடுத்தடுத்து நான்கு பந்தயங்கள் அவருக்கே. சொந்தப் பெயர் கொண்ட வண்டியில் உலகப் பட்டம் வென்றவர் அவருக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அண்ணன் அத்துடன் நிற்கவில்லை. 1965ல் அந்த எஞ்சினைத் தயாரிக்கும் உரிமையை இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி வாங்கியிருந்தது. வார்க்கும் முறையை மாற்றி, லைனர்களைப் பின்னால் அழுத்திப் பொருத்தி, 1967 முதல் கார்களில் வைத்தார்கள். 1970ல் வந்த ரேஞ்ச் ரோவரைச் சுமந்தது அதுதான். அமெரிக்கா மூன்று வருஷத்தில் கைவிட்டதை இங்கிலாந்து 30 வருஷத்துக்கு மேல் வைத்துக் காப்பாற்றியது.

அலுமினியத்தின் குற்றம் என்று முன்பு எழுதி வைத்ததெல்லாம் என்ன ஆயிற்று? உலோகம் அதே உலோகம்தான். அதைப் புரிந்து கொள்ள ஒருவர் பொறுமையாக உட்கார்ந்தார், அவ்வளவே. அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் ஜெனரல் மோட்டார்ஸே காட்டியது. 1970ல் வந்த செவ்ரலே வேகா காரில், சிலிக்கன் அதிகம் கலந்த அலுமினியத்தில் லைனரே இல்லாத பிளாக்கை வைத்தார்கள். கூடவே அதன் தலையில் இரும்பு ஹெட். ரேடியேட்டரோ சிறியது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் எஞ்சின் கொதித்தது. கொதித்தால் பிளாக் நெளிந்தது. சிலிண்டர்ச் சுவர் தேய்ந்து எண்ணெய் எரிந்தது. 20 லட்சத்துச் சொச்சம் கார்கள் விற்று, அவ்வளவு வீடுகளிலும் அலுமினிய எஞ்சின் என்ற பெயருக்கே கரி பூசினார்கள்.

இனி இரும்பின் பக்கம் வருவோம். ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி நொடித்துப் போகாமல் தப்பிக்க ஒரு நல்ல சிறிய கார் வேண்டியிருந்தது. 1962ல் விற்பனைக்கு வந்த 1500 என்ற அந்தக் காருக்கு நாலு சிலிண்டர் எஞ்சினை வடிவமைத்தவர் அலெக்ஸ் பான் பால்கன்ஹவுசன். சக்தி 80 குதிரை. ஒன்றரை லிட்டருக்கு மட்டும் வேலை செய்தால் போதும் என்று அவர் விடவில்லை. பின்னால் இரண்டு லிட்டர் வரையில் வளர இடம் வைத்து, கனமான இரும்பு பிளாக்காகச் செய்தார். அன்றைக்கு அது வீண் எடையாகத்தான் தோன்றியிருக்கும்.

20 வருஷம் கழித்து அந்த வீண் எடைக்கு வேலை வந்தது. டர்போ வைத்த ஒன்றரை லிட்டர் எஞ்சின்களை பார்முலா ஒன் விதிகள் அனுமதித்திருந்தன. பி.எம்.டபிள்யூ.வின் எஞ்சின் நிபுணர் பால் ரோஷே அந்தப் பழைய இரும்பு பிளாக்கையே எடுத்தார். புதிய பிளாக்குகளை அவர் விரும்பவில்லை என்றும், சாலையில் 1,00,000 கிலோ மீட்டர் ஓடிய கார்களின் பிளாக்குகளைத் தேடி எடுத்தார் என்றும் சொல்வார்கள். அவற்றை மழையிலும் பனியிலும் வெளியே போட்டு வைத்தார்களாம். வேலையாட்கள் அவற்றின்மேல் சிறுநீர் கழித்தார்கள் என்பது வரையில் கதை வளர்ந்திருக்கிறது. கடைசிப் பகுதியைக் கதைக்காரர்களுக்கே விட்டுவிடலாம். ஆனால் முதல் பகுதிக்கு நியாயம் உண்டு. வார்த்த இரும்பு ஆறும்போது உள்ளே இழுவிசைகள் சிக்கிக் கொண்டு நிற்கும். ஆயிரக்கணக்கான தடவை சூடேறி ஆறினால் அவை மெல்லத் தளர்ந்து, உலோகம் ஒரு நிலைக்கு வந்து விடும். அதன்பின் கடைந்தால் கடைந்த அளவு மாறாது.

1982ல் கனடாவில் அந்த எஞ்சின் முதல் வெற்றியைக் கண்டது. 1983 அக்டோபர் 15ஆம் தேதி தென் ஆப்பிரிக்காவின் கயலாமியில் பருவத்தின் கடைசிப் பந்தயம். ரெனோ வண்டியின் அலன் ப்ரோஸ்ட் முன்னணியில் இருந்தார். அவருடைய வண்டி பாதியில் நின்றது. பிராபாம் வண்டியை ஓட்டிய நெல்சன் பிகே 59க்கு 57 என்று இரண்டே புள்ளி வித்தியாசத்தில் உலகப் பட்டத்தை வென்றார். டர்போ எஞ்சின் வைத்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் மனிதர் அவர். அந்தக் கம்பெனி பிராபாமின் கையை விட்டுப் போய் வெகு நாளாகியிருந்தது; பெயர் மட்டும் மாறவில்லை.

இப்போது இரண்டு எஞ்சின்களையும் தராசில் வைப்போம். 1966ன் அலுமினிய எஞ்சின் மூன்று லிட்டர், எட்டுச் சிலிண்டர். 1983ன் இரும்பு எஞ்சின் ஒன்றரை லிட்டர், நாலு சிலிண்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு சிலிண்டரின் கொள்ளளவு இரண்டிலும் ஒன்றேதான், சுமார் 375 கன சென்டிமீட்டர். வீட்டில் இருக்கும் பெரிய தம்ளர் அளவு. அலுமினியத் தம்ளர் ஒன்று சுமார் 37 குதிரைச் சக்தி கொடுத்தது. இரும்புத் தம்ளர் ஒன்று 1983ன் பந்தயங்களில் 150க்கு மேல் கொடுத்தது. 1986ல், நாலைந்து நிமிஷம் மட்டும் உயிரோடு இருந்தால் போதும் என்ற தகுதிச் சுற்றுகளில், அதே எஞ்சினின் சக்தியை அளக்க முடியாமல் போயிற்று. அவர்களுடைய அளவுக் கருவி 1,280 குதிரைக்கு மேல் காட்டாது. அப்படியானால் தம்ளர் ஒன்றுக்கு 320க்கு மேல்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது. ரெப்கோ எஞ்சின் வெறும் காற்றைத் தானே உறிஞ்சிக் கொண்டது. பி.எம்.டபிள்யூ. எஞ்சினுக்கோ, வெளிக் காற்றைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் அழுத்தித் திணித்தார்கள். சிலிண்டரைப் பிளக்கப் பார்ப்பதும் ஹெட்டைத் தூக்கப் பார்ப்பதும் இந்த அழுத்தம்தான். அதற்கு முன்னால் விறைப்புத்தான் பேசும், லேசு பேசாது. சாதாரணக் கார் ஒன்றின் அலுமினிய பிளாக்கில் அவ்வளவு விறைப்பை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். இரும்பில் அது கேட்காமலே கிடைத்து விடுகிறது.

எனக்குத் தெரிந்த வரையில் வழக்கின் சாரம் இதுதான். குதிரைச் சக்தி என்பது பிளாக்கிடம் நாம் வாங்குகிற கடன். இரும்பு எடையை அடமானமாக வாங்கிக் கொண்டு தாராளமாகக் கடன் கொடுக்கிறது. அலுமினியமும் கொடுக்கும், ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் வடிவமைப்பிலும் செலவிலும் ஈடு கேட்கும். ஈடு கொடுக்க வசதி உள்ளவனுக்கு அது நல்ல வியாபாரமே. பி.எம்.டபிள்யூ. பட்டம் வென்ற மறு வருஷமே, டர்போவுக்கென்று அடியில் இருந்து வடிவமைத்த போர்ஷே கம்பெனியின் அலுமினிய வி-6, மக்லாரன் வண்டியில் பட்டத்தை எடுத்துக் கொண்டது. 1984, 1985, 1986 என்று மூன்று வருஷம் விடவில்லை. பழைய கார் பிளாக்கைத் தேடி எடுப்பது ஏழையின் சாமர்த்தியம் என்றால், புதிதாக வார்ப்பது பணக்காரனின் சாமர்த்தியம்.

சாலையிலும் இதே பாடம்தான். போர்டு கம்பெனியின் மஸ்டாங் கோப்ரா 1996 முதல் 2001 வரையில் அலுமினிய பிளாக்கோடு 300 குதிரைச் சக்திக்குச் சற்று மேல் கொடுத்தது. 2003ல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரை அதில் வைத்து 390 ஆக்கியபோது, எடை கூடினாலும் பரவாயில்லை என்று இரும்பு பிளாக்குக்குத் திரும்பிப் போனார்கள். பிறகு அலுமினியத்துக்கு ஈடு கொடுக்க வழி கண்டார்கள். சிலிண்டர்ச் சுவரில் உருக்கிய இரும்பைப் பனிபோலத் தெளித்துப் படிய வைக்கும் முறை வந்தது. 2011ல் அவர்களுடைய ஜி.டி. 500 கார் அலுமினிய பிளாக்கோடு 550 குதிரைச் சக்தி கொடுத்தது. பழைய இரும்பு எஞ்சினைவிட 102 பவுண்டு, அதாவது 46 கிலோ, குறைவு. இன்னொரு பக்கம் டொயோட்டா சூப்ரா காரின் மூன்று லிட்டர் இரும்பு எஞ்சின். கம்பெனி அதற்குச் சொன்னது 320 குதிரைக்கு மேல் இல்லை. அந்த பிளாக்கை மாற்றாமலே 1,000 குதிரை வாங்குகிறவர்கள் உலகமெங்கும் உண்டு. அதை வார்த்தவர்கள் கணக்குப் பிள்ளைக்குத் தெரியாமல் உள்ளே நிறைய இரும்பைப் போட்டுவிட்டார்களோ என்று தோன்றும்.

அமெரிக்காவில் நாஸ்கார் பந்தயங்களில் 500 மைல் ஓடுகிற வண்டிகளின் பிளாக் இன்றும் இரும்புதான். அதே தேசத்தில் 1,000 அடி தூரத்தை நாலு விநாடிக்குள் கடக்கிற நைட்ரோ மீத்தேன் வண்டிகளின் பிளாக் அலுமினியம். சுமார் 11,000 குதிரைச் சக்தி என்று மதிப்பிடுகிறார்கள். அந்த பிளாக்கை வார்ப்பதில்லை. அடித்து இறுக்கிய பாளத்தில் இருந்து குடைந்து எடுக்கிறார்கள். அதில் தண்ணீர் ஓடும் வழிகூடக் கிடையாது. நாலு விநாடிக்கு எதற்குத் தண்ணீர்? ஓட்டம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்து, கெட்டுப் போன லைனரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடுவார்கள். பிளாக்கில் காயம் பட்டிருந்தால் பற்றவைத்துச் சரி செய்யலாம். வெடித்த இரும்பை அவ்வளவு சுலபமாகப் பற்றவைக்க முடியாது. 11,000 குதிரையைத் தாங்குவதற்கு அலுமினியம், 700 குதிரையைத் தாங்குவதற்கு இரும்பு என்று பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். நாலு விநாடி, நாலு மணி நேரம் என்று பார்த்தால் விளங்கிவிடும்.

ஆகவே பிளாக் வாங்கப் போகிற இளைஞன் உலோகத்தின் ஜாதகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தன் தேவையைச் சொல்லட்டும். சக்தியை வேகமாகச் சுழற்றி எடுக்கப் போகிறானா, அழுத்தித் திணித்து எடுக்கப் போகிறானா? அது எத்தனை நேரம் தாங்க வேண்டும்? வண்டி நேர்கோட்டில் ஓடினால் போதுமா, வளைவுகளில் திரும்பவும் வேண்டுமா? ஏனென்றால் மூக்கில் 46 கிலோ குறைந்தால் வண்டி வேறு வண்டியாகிவிடும். கடைசியாக, உடைந்தால் சரி செய்யக் கையில் என்ன இருக்கிறது? கையில் காசு குறைவு, காற்றைத் திணிக்கும் ஆசை அதிகம் என்றால், பழைய வண்டிகள் உடைக்கிற இடத்தில் கிடக்கும் இரும்பு பிளாக் அவனுக்குப் போதும். எடைதான் எதிரி, ஈடு கொடுக்கவும் வசதி உண்டு என்றால், அலுமினியம் அவனை ஏமாற்றாது. பில் இர்விங் அடிப்புறத்தில் ஒரு எஃகுத் தகடு வைத்தார் அல்லவா? அந்தத் தகட்டை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவன் எந்த உலோகத்தை எடுத்தாலும் பிழைத்துக் கொள்வான்.